ஐந்தாவது அடி

அவர் என்னை அறைந்த அறையில் என் இடது காது மூன்று நாள் அடைத்துக் கிடந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தலையில் அட்டைக் கிரீடம், உதட்டின் மேல் ஒட்டுமீசை, கையில் சவுக்கு. ராஜா வேஷத்தில் நின்ற என்னை, நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் மேடையேறி வந்து, ஒத்திகைக்கு வந்திருந்த அத்தனை பேரும் பார்க்க அறைந்தார். கிரீடம் உருண்டுபோய் ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

அவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருந்த ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜையில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவர். தமிழர்கள் அக்கா என்பார்கள், மலையாளிகள் சேச்சி என்பார்கள். உட்காரும்போது முதுகைச் சுவரோடு சேர்த்துத்தான் உட்காருவார். யாராவது பின்னால் வந்து நின்றால் சட்டென்று திரும்புவார். சிரிப்பு வந்தால் இடது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு சிரிப்பார். அது ஏதோ நாடகக்காரர்களின் பழக்கம் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அவருக்குச் சட்டென்று கை நீளும். ஒருநாள் மதியம், இரண்டாவது மாடியில் தங்கியிருந்த ஒருவன் தன் மனைவியின் தலைமுடியைப் பிடித்துப் படிக்கட்டில் இழுத்துக்கொண்டு இறங்கினான். கீழே நின்ற ஆண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குடும்ப விஷயம் என்று ஒருவர் முணுமுணுத்தார். அக்கா எழுந்து போய், அறைச்சாவியில் கோத்திருந்த மரக்கட்டையால் அவன் வாயிலேயே அடித்தார். இரண்டு பற்கள் படியில் விழுந்தன. அவன் முடியை விட்ட பிறகும் அடித்தார். கடைசியில் அந்த மனைவியே அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். அக்கா திரும்பி வந்து கட்டையைப் புடவைத் தலைப்பில் துடைத்து ஆணியில் மாட்டினார். போலீஸ் வந்தபோது, ஆமாம், நான்தான் அடித்தேன் என்று நிதானமாகச் சொன்னார்.

இன்னொரு முறை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் அந்தக் காசெட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே நுழைந்து, பாடிக்கொண்டிருந்த டேப் ரிக்கார்டரை வயரோடு பிடுங்கி ரோட்டில் எறிந்தார். தடுக்க வந்த கடைக்காரரின் மணிக்கட்டைக் கடித்துவிட்டார். அந்தக் காசெட்டில் பாடிக்கொண்டிருந்தது வேறு யாரும் இல்லை. பத்தொன்பது வயதில் அக்காவேதான்.

காசெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘மணிமுத்தா ராணி’ என்று ஒரு இசைநாடகம். முழுக்க முழுக்கப் பாட்டு. முற்றுகையிட்டு நிற்கும் எதிரிப்படை தாகத்தால் செத்துக்கொண்டிருக்கும்போது, கோட்டைக் குளத்திலிருந்து தண்ணீர் கொடுத்தனுப்புகிறாள் ராணி. விஷயம் தெரிந்த ராஜா அவளைத் தூணில் கட்டிச் சபை நடுவே எட்டுச் சவுக்கடி கொடுக்கிறான். ஒவ்வொரு சவுக்கடிக்குப் பிறகும் அவள் ஒரு அடி பாடுகிறாள். எட்டாவது அடி பாடி முடிக்கும்போது ராஜாவின் கை தானாகத் தாழ்கிறது. அதுதான் நாடகத்தின் உச்சம்.

கதை, பாட்டு, ராஜா வேஷம் எல்லாம் ஒரே ஆள். எல்லோரும் அவரை வாத்தியார் என்றார்கள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பெண்ணான அக்கா கோயில் கொடை விழாவில் பாடியதைக் கேட்டு, அழைத்து வந்து ராணியாக்கினார். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கோடை முழுக்க நாடகம் நடந்தது. கடைசி நாள் ஆட்டத்தை ஒரு ரேடியோ மெக்கானிக் பதிவு செய்தார். அதன் நகல் எங்கள் ஊர்த் தமிழர் வீடுகளில் எல்லாம் இருந்தது. என் அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் போட்டுவிட்டுத்தான் சவரம் செய்வார். ஐந்தாவது அடி வரும்போது கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிடுவார். அந்த இடத்தில் ராணியின் குரல் உடையும். ஒரு விக்கல், ஒரு மூச்சு, கொஞ்ச நேரம் மௌனம். பிறகு வேறு யாரோ பாடுவதுபோல ஆறாவது அடி எழும். அந்த மாதிரி இனி ஒருத்தி பிறந்து வர வேண்டும் என்பார் அப்பா.

அதன் பிறகு அந்த நாடகத்தை எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் நாங்கள் மூன்று முறை மேடையேற்றினோம். ஒவ்வொரு முறையும் ஊர் அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. அக்கா ஒருவர் மட்டும் புதிதுதான் நல்லது என்றார். எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதைத்தான் சொன்னார். பழசைப் புகழ்ந்தவர்களோடு சண்டைக்குப் போனார். தன் பழைய பெயரைப் பார்த்துத் தானே பொறாமைப்படும் கிறுக்கு என்று ஊர் முடிவு கட்டியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் முறை நான் ராஜா. பகலில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. லாட்ஜின் மேல்மாடிக் கூடத்தில் சாயங்காலங்களில் ஒத்திகை. ராணியாக நடித்தவர் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். சுத்தமான குரல், சுருதி இம்மியும் பிசகாது. அதுதான் குறை என்றார்கள் சங்கத்துக்காரர்கள். ஐந்தாவது அடியில் குரல் உடைய வேண்டும், இவருக்கு உடைய மாட்டேன் என்கிறது. டீச்சர் வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தார். தும்மல் போல இருந்தது. காசெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். ஓடும் சத்தம் கேட்டால் அக்கா கீழேயிருந்து வந்துவிடுவார் என்று கதவைச் சாத்திவிட்டுப் போட்டார்கள்.

சவுக்கு என்பது முறுக்கிய பருத்திக் கயிறு. அடி தூணில்தான் விழ வேண்டும். முழு உடுப்போடு நடந்த கடைசி ஒத்திகையில், ஐந்தாவது அடியை நான் தூணுக்குக் கொடுக்கவில்லை. டீச்சரின் முதுகில் கொடுத்தேன். கை தவறவில்லை. நன்றாக ஓங்கித்தான் அடித்தேன்.

குரல் உடைந்தது. அச்சு அசலாகக் காசெட்டில் இருப்பதுபோலவே உடைந்தது. கூடத்தில் ஒருவர் ‘வந்துட்டுது’ என்றார். யாரோ கைதட்டினார்கள். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். அந்த நொடியில் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஒன்றை என் கையால் உண்டாக்கிவிட்டேன் என்ற சந்தோஷம். அப்போதுதான் அறை விழுந்தது.

அக்கா டீச்சரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் முதுகுக்கு ஐஸ் வைத்தார். ரவிக்கைத் துணி தடிப்போடு ஒட்டிப் போயிருந்ததாம். டீச்சர் அழவில்லை, நாளைக்கும் வருவேன் என்று மட்டும் சொன்னார். என்னை அக்கா மொட்டை மாடிக்கு வரச் சொன்னார். ரயில்வே ஸ்டேஷனில் வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஆரம்பத்தில் வாத்தியார் தூணைத்தான் அடித்தாராம். கூட்டம் சேரவில்லை. ஒருநாள் தவறுதலாகக் கயிற்றின் நுனி அக்கா மேல் பட்டுக் குரல் உடைந்தபோது, சபை எழுந்து நின்றது. மறுநாளிலிருந்து அது தவறுதல் இல்லை. ஏழு அடி தூணுக்கு, ஐந்தாவது மட்டும் அக்காவுக்கு. எந்த நாளும் அதற்குத் தயாராக இருக்க முடியாது, ஏனென்றால் வாத்தியார் ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் அடிப்பார். பதிவு நடந்த கடைசி நாளன்று கயிற்றால் அடிக்கவில்லை. திருப்பிப் பிடித்து மரப்பிடியால் விலாவில் அடித்தார்.

“காசெட்டுல ஒடஞ்சது குரல் இல்ல தம்பி, எலும்பு” என்றார் அக்கா. “பாக்கி மூணு அடியும் அதோடதான் பாடினேன்.”

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. அவர் கோபப்படவில்லை.

“போனா எங்க போவேன்? போனக்காட்டுல அட்டைக் கடியில கொழுந்து கிள்ளணும். இங்க அத்தன பேரு எழுந்து நின்னு கைதட்டினாங்க. அந்தச் சத்தம் கேக்கும்போது எனக்கு வலி தெரியல. வாத்தியார் அடிச்சதக்கூட மறந்துடுவேன். அடுத்த அடி எப்ப வரும்னு நானே காத்துக்கிட்டு நின்னேன் பாத்தியா, அத மறக்க முடியல.”

இதை எல்லோருக்கும் சொல்லிவிடுவோமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

“சொன்னா அந்தக் காசெட்டு இன்னும் நல்லா ஓடும்.”

நாடகத்தன்று நான் எட்டு அடியையும் தூணுக்கே கொடுத்தேன். டீச்சர் கொஞ்சமும் பிசகாமல் பாடினார். அரங்கம் சும்மா இருந்தது. முடிந்ததும் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், என்ன இருந்தாலும் பழசு பழசுதான், அந்த ஐந்தாவது அடி இல்லையே என்றார். அக்கா தண்ணீர்ச் செம்பால் அவர் நெற்றியில் அடித்தார். நான்கு தையல். கிரீடத்தோடேயே நான்தான் பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆட்டோவில் அவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, அவளுக்கு வயிற்றெரிச்சல் என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே பார்த்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

இரண்டாவது முறை, பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, கீபோர்டும் கலர் விளக்கும் வைத்துப் போட்டார்கள். சவுக்கின் சத்தத்தைக்கூட முன்கூட்டியே பதிவு செய்திருந்தார்கள். அது ஒவ்வொரு முறையும் தாமதமாக வந்தது. ராணி துடித்து, பாடி முடித்த பிறகு ‘பளார்’ என்று கேட்கும். சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவாக நடித்தவர் பாதியில் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடிப்பதற்கு ஆளே இல்லாமல் ராணி தூணில் நின்றுகொண்டு எட்டு அடியையும் பாடி முடித்தாள். அக்கா என் கையைப் பிடித்து நெரித்தார். நகம் பதிந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“அடி விழாமலே பாடுறா பாரு” என்றார்.

இதைவிட நல்ல ஆட்டத்தை இந்த ஊர் பார்த்ததில்லை என்று பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது முறை நடந்தது மூன்று வருஷத்துக்கு முன். அதற்குள் நான் சங்கத்தின் செயலாளர் ஆகியிருந்தேன். நாடகப் படிப்பு படித்த ஒரு இளைஞர் இயக்குநராக வந்தார். கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். மூலத்தின் உயிரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். எண்பத்தைந்து தாண்டிய வாத்தியாரைத் தேடிக் கண்டுபிடித்து, விழாவில் கௌரவிக்க ஏற்பாடும் செய்தார். ராணியாக நடித்த பெண் கல்லூரி மாணவி. ஐந்தாவது அடியில் இவளுக்கும் குரல் உடையவில்லை. ஒருநாள் இயக்குநர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து, கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அவரைத் தனியாக அழைத்து, அக்கா சொன்னதை எல்லாம் சொல்லிவிட்டேன். என் அடியை மட்டும் சொல்லவில்லை.

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பயப்படாதீங்க சார், யாரும் யாரையும் அடிக்க மாட்டாங்க என்றார். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் கழித்துத் திட்டத்தைச் சொன்னார். ஐந்தாவது அடியில் மேடையை இருட்டாக்கி, மாணவியின் குரலுக்குப் பதிலாகக் காசெட்டில் உள்ள குரலைப் போடப் போகிறாராம். அந்த அம்மாவுக்கு நாம் செய்யும் நீதி அது என்றார். நான் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். செயலாளர் சொன்னால் கேட்டிருப்பார். ஆனால் பெரிய ஸ்பீக்கரில் அந்தக் குரலைக் கேட்க எனக்கே ஆசையாக இருந்தது. அக்காவிடம் மட்டும் போய், உடம்பு முடியாத நேரத்தில் அலைய வேண்டாம், வராதீர்கள் என்றேன். சேலை எடுத்து வைத்துவிட்டேன் என்றார்.

முன்வரிசையில் வாத்தியார் இருந்தார். மேடையில் அவருக்குக் கொடுத்த நினைவுப் பரிசு, கனமான மரப்பலகையில் பித்தளைத் தகடு பதித்தது, அவர் மடியில் இருந்தது. இரண்டு நாற்காலி தள்ளி அக்கா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் அவர்களுக்குப் பின்வரிசையில் இருந்தேன்.

ஐந்தாவது சவுக்கடி. விளக்கு அணைந்தது. ஸ்பீக்கரிலிருந்து பத்தொன்பது வயதுப் பெண்ணின் குரல் வந்தது, உடைந்தது. வீட்டு டேப் ரிக்கார்டரில் கேட்கும்போது அது பாட்டாகத் தோன்றியிருந்தது. இவ்வளவு பெரிதாகக் கேட்டபோது அது வெறும் கூச்சல். யாரோ ஒருத்தியை யாரோ அடிக்கிறார்கள். பின்னாலிருந்து ஒரு குழந்தை அழுதது. அக்கா இரண்டு கையாலும் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். மங்கலான வெளிச்சத்தில் வாத்தியாரைப் பார்த்தேன். கண்ணை மூடி, நாற்காலிக் கையில் வலது கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவும் அதைப் பார்த்துவிட்டார்.

எழுந்து போய், அவர் மடியிலிருந்த பலகையை எடுத்தார். தாளம் போட்ட கையின் மேல் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வாத்தியார் அலறினார். அக்கா மறுபடியும் இறக்கினார். விளக்கு வந்தபோது மூன்றாவது முறை ஓங்கியிருந்தார். நான் பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்தேன். திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் என் மூக்கில் இடித்தார். வாத்தியாரின் மகன் ஓடிவந்து அக்காவைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். தலை மேடை விளிம்பில் மோதி ரத்தம் வந்தது. தரையில் கிடந்தபோதும் பலகையை விடவில்லை. மேடையில் அந்த மாணவி தூணோடு நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. ஒருவர். “அம்மே, எந்தினா அடிச்சது?” என்று காரணத்தைத் தன்மையாகத்தான் கேட்டார். அக்கா தலைக்கட்டோடு பெஞ்சில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து மட்டும் ஒன்று கேட்டார்.

“நீதானே அவங்கிட்ட சொன்னே?”

ஆமாம் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எஸ்.ஐ.யிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை டீச்சரை நான் அடித்ததையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுதினார்.

ஜாமீனில் வந்து ஒரு மாதம் அக்கா என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாக வாத்தியாரின் மகன் சொல்லியனுப்பியிருந்தார். ஒருநாள் காலை அக்காவிடமிருந்து போன் வந்தது. வாத்தியார் வீட்டுக்குக் கூட்டிப் போ என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தேன்.

வாத்தியார் கட்டிலில் கிடந்தார். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு. விரல் நுனிகள் கறுத்திருந்தன. மகன் வாசற்படியில் நின்றுகொண்டார், எங்களை உட்காரச் சொல்லவில்லை. அக்கா தானே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார். இருவரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“அந்த அஞ்சாவது அடிய ஒரு தடவ பாடு. கேட்டுட்டுப் போயிடறேன்” என்றார்.

அக்கா எழுந்து போய்விடுவார், அல்லது மறுபடி அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்.

எழுபது வயதுக் குரல். உயரத்தில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. “தாகத்துக்கு ஊருமில்லை, தண்ணீருக்குப் பகையுமில்லை” என்று எடுத்தார். காசெட்டில் அந்த இடத்தில்தான் குரல் உடையும், மீதி வார்த்தைகள் கேட்காது. நாங்களும் மூன்று முறையும் அதோடு நிறுத்தியிருந்தோம். அடி அத்தோடு முடிகிறது என்றே நான் ஐம்பது வருஷமாக நினைத்திருந்தேன். அக்கா நிறுத்தவில்லை. “ஓங்கிய உன் கை வறண்டால் அதற்கும் நான் வார்ப்பேன் மன்னா” என்று இறக்கி, சுருதியில் நின்று, மூச்சு உள்ள மட்டும் நின்று முடித்தார்.

வாத்தியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இது இல்ல” என்றார்.

“நீங்க எழுதினது இதுதான் வாத்தியாரே” என்றார் அக்கா. “ஒருநாளும் பாடி முடிக்க விடல நீங்க.”

அவர் எழுந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. மகன் வாசற்படியிலிருந்து விலகி வழிவிட்டார். கேட்டைத் திறந்துவிட்டவரும் அவர்தான்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வந்தது. புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார்கள், இனி நீங்கள் வர வேண்டாம் என்றார்கள். லாட்ஜுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சாவிகளை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வாடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“அப்போ கோர்ட்டு இல்லையா?” என்றார். “ஜட்ஜி கேட்டா என்னென்ன சொல்லணும்னு எல்லாத்தையும் யோசிச்சு வச்சிருந்தேனே.”